வாப்பா, திமிங்கிலத்துக்கு ஏன் விரல்?





எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. இன்றைய உரையை ஒரு கேள்வியோடு தொடங்க விரும்புகின்றேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் ஒன்றாக வீட்டை விட்டுப் புறப்பட்டுச் சென்ற கடைசி நாள் எது? கலியாண வீட்டுக்குச் சென்றதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மையித்து வீட்டுக்கும், வைத்தியசாலைக்கும், பெருநாள் உடுப்பு வாங்கக் கடைத்தெருவுக்கும் சென்றதையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளோடு இருப்பதற்கென்றே, அவர்கள் பார்ப்பதை நாமும் சேர்ந்து பார்ப்பதற்கென்றே நாம் ஒதுக்கிய ஒரு பகற்பொழுது எப்போது வாய்த்தது?

நம்மில் பலருக்கு உடனே விடை வராது. காலையில் பாடசாலை, மாலையில் குர்ஆன் மத்ரஸா, அதன்பின் தனியார் வகுப்பு என்று பிள்ளைகளின் நாள் நிரம்பிவிடுகின்றது. வியாபாரம், அலுவலகம், கடன், வெளிநாட்டுத் தொழில் என்று தந்தையரின் நாளும், அடுப்படியோடும் வீட்டுக் கணக்கோடும் தாய்மாரின் நாளும் நிரம்பிவிடுகின்றன. ஒரே கூரையின் கீழ் உறங்குகின்றோம். ஆனால், ஒருவர் மனதில் எழும் கேள்வி மற்றவருக்குத் தெரிவதில்லை. வீட்டில் உள்ள கையடக்கத் தொலைபேசிக்குத் தெரிந்த அளவுகூட நமக்குத் தெரிவதில்லை.

ஆகவேதான் வரவிருக்கும் பாடசாலை விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாறு உங்களை அழைக்கின்றேன். செல்லும் இடத்தையும் நானே சொல்கின்றேன். அது கொழும்பிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலை.

"நூதனசாலையா? அது பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் கொண்டு செல்லும் இடமல்லவா?" என்று சிலர் எண்ணக் கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணம் மாறிய விதத்தைச் சொல்வதற்கு முன்னர், அவ்விடத்துக்கும் எமது சமூகத்துக்கும் உள்ள ஓர் உறவை நினைவூட்ட வேண்டும்.

கொழும்பு தேசிய நூதனசாலையின் வெண்ணிறக் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877 ஜனவரி முதலாம் திகதி அது திறந்து வைக்கப்பட்டது. வரைபடத்தை அமைத்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். அதனைக் கட்டி எழுப்பியவரோ அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்னும் எமது சமூகத்துக் கட்டட நிபுணர். திறப்பு விழாவன்று அவருக்கு என்ன வெகுமதி வேண்டுமென ஆளுநர் வினவியதாகவும், "வெள்ளிக்கிழமைகளில் இக்கட்டடம் மூடப்பட்டிருக்க வேண்டும்" என்று அவர் கேட்டதாகவும், அது ஏற்கப்பட்டு நெடுங்காலம் பேணப்பட்டதாகவும் எம்மவரிடையே வழிவழியாகக் கூறப்படுகின்றது. பொன்னும் பொருளும் கேட்டிருக்கக் கூடிய வேளையில் ஜும்ஆவின் கண்ணியத்தைக் கேட்ட மனிதர் என்றே அவரை எம் மூத்தோர் நினைவுகூர்வர்.

அவரைப் பற்றிய இன்னொரு செய்தியை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1892ஆம் ஆண்டு மருதானையில் பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்ட மத்ரஸா தொடங்கப்பட்டபோது, அறிஞர் சித்தி லெப்பை, ஒராபி பாஷா ஆகியோரோடு துணைநின்றவர்களுள் வாப்பிச்சி மரைக்காரும் ஒருவர். நூதனசாலையைக் கட்டிய கைகளே எமது பிள்ளைகளின் கல்விக்கும் அத்திவாரம் இட்டன. ஆகவே அந்த வாசலில் ஏறும்போது நாம் அந்நியரின் வீட்டுக்குள் நுழைவதாக எண்ண வேண்டியதில்லை.

அந்தப் பழைய கட்டடத்தின் பின்புறத்தில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கமாக, 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்டதே இயற்கை வரலாற்று நூதனசாலை. இனி என் கதைக்கு வருகின்றேன். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் என் மூத்த மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, உறவினர் சிலரோடு அங்கு சென்றேன். அங்கே நீலத் திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கிய உயிரினம் அது. இப்பூமியில் இதுவரை வாழ்ந்ததாக அறியப்பட்ட விலங்குகளுள் மிகப் பெரியது நீலத் திமிங்கிலமே. முழு வளர்ச்சி அடைந்தது 30 மீற்றர் வரை நீளும். மூன்று பஸ் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது போன்ற நீளம். மகன் வாயடைத்து நின்றான். பிறகு துடுப்பு இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டி, எல்லோர் முன்னிலையிலும் உரத்த குரலில் கேட்டான்: "வாப்பா, திமிங்கிலத்துக்கு ஏன் விரல்?"

பார்த்தேன். உண்மைதான். வெளியே துடுப்பாகத் தெரியும் அவ்வுறுப்பின் உள்ளே மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், மணிக்கட்டு, அதன்பின் விரல்களாகப் பிரியும் சிற்றெலும்புகளின் வரிசை என எல்லாம் இருந்தன. எனக்கு விடை தெரியவில்லை. உறவினர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த மனிதர், மேடையில் பேசுபவர் என்று என்னை எண்ணியிருந்தவர்கள் அவர்கள். "கண்டதையும் கேட்காமல் பேசாமல் வா" என்று அவனை அதட்டினேன். அவன் பேசாமல் வந்தான்.

நேயர்களே! அன்று அவன் பேசாமல் வந்ததை நான் ஒழுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன். அடுத்த மாதமும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் கேட்கவில்லை. பிள்ளை அமைதியானவன் என்று ஊரில் பெயரும் வாங்கிவிட்டான். நானும் அவனை மெச்சினேன்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. ஒரு டிசம்பர் விடுமுறையில் என் மனைவியின் வற்புறுத்தலினால் மீண்டும் புறப்பட்டோம். மனைவி, பதினான்கு வயதாகிவிட்ட மூத்தவன், எட்டு வயது மகள், எங்களோடு வந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த உம்மும்மா, நான் என ஐந்து பேர். அளுத்கமையில் காலைப் புகையிரதம் ஏறினோம். கடலோரமாகவே பாதை. மகள் யன்னலோரத்தில் இருந்து அலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். மூத்தவன் எதிர்ப்பக்கத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்தான். கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஓட்டோ பிடித்து நூதனசாலையை அடைந்தோம்.

உள்ளே சென்றதும் மகளுக்கு ஒரு விளையாட்டு உதித்தது. மத்ரஸாவில் அவள் அப்போது சூராக்களின் பெயர்களை மனனம் செய்துகொண்டிருந்தாள். அங்குள்ள உயிரினங்களில் சூராவின் பெயராக உள்ளவை எவை என்று தேடத் தொடங்கிவிட்டாள். யானை, பசு, தேனீ, எறும்பு, சிலந்தி என்று விரல் மடித்து எண்ணினாள். உம்மும்மா கால்நடைகளையும் சேர்த்து ஆறு என்றார். ஒரு சூராவின் பெயராக மட்டும் அவள் அறிந்திருந்த தேனீயின் உடலமைப்பை அன்றுதான் அவள் அருகிலிருந்து உற்றுப் பார்த்தாள். வானத்தையும் பூமியையும் உயிரினங்களையும் கண்டு சிந்திக்குமாறு திருமறை எத்தனையோ இடங்களில் எம்மை அழைக்கின்றது. அவ்வழைப்பை ஓதிவிட்டு நூலை மூடிவைக்கும் நமக்கு, அந்தச் சிறுமியின் விளையாட்டில் ஒரு பாடம் இருந்தது.

பின்னர் இரத்தினபுரிப் பிரதேசத்துப் புதைபடிவங்களைப் பற்றிய பகுதிக்கு வந்தோம். உம்மும்மாவின் தகப்பனார் பேருவளையில் மாணிக்க வியாபாரம் செய்தவர். ஆகவே 'இல்லம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நின்றுவிட்டார். மாணிக்கக் குழியில் தோண்டிச் செல்லும்போது, கல் செறிந்து கிடக்கும் சரளைப் படுகையைத்தான் தொழிலில் இல்லம் என்பார்கள். அந்த இல்லத்தைக் கழுவும் தொழிலாளர்களுக்கு மாணிக்கத்தோடு வேறு சிலவும் கிடைத்தன: பற்கள், எலும்புத் துண்டுகள், தந்தத்தின் சிதைவுகள். 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஒன்றொன்றாகச் சேகரித்து ஆராய்ந்தார். இத்தீவில் ஒருகாலத்தில் நீர்யானை வாழ்ந்தது, காண்டாமிருகம் வாழ்ந்தது, சிங்கமும் வாழ்ந்தது என்பது அவ்வாறே வெளிப்பட்டது. சிங்கத்துக்குச் சாட்சியாகக் கிடைத்தவை குருவிட்டைப் பகுதியில் எடுக்கப்பட்ட இரண்டு பற்கள் மாத்திரமே. 1939இல் அவற்றை வைத்தே அவர் அவ்விலங்கைப் பதிவு செய்தார்.

"எங்கட வாப்பாவின் குழியிலும் இப்படி எலும்பு வந்திருக்கும். பெறுமதி இல்லை என்று எறிந்திருப்பார்கள்" என்று உம்மும்மா மெதுவாகச் சொன்னார். பெறுமதி எது, பெறுமதியற்றது எது என்பதைக் கையில் எடுப்பவரின் அறிவே தீர்மானிக்கின்றது என்பது எனக்கு அன்று விளங்கியது. அந்தக் குழித் தொழிலாளி எறியாமல் ஒப்படைத்த பல் ஒன்றினால் ஒரு நாட்டின் பழைய காலம் வெளிச்சத்துக்கு வந்தது.

அதன்பின் திமிங்கிலத்திடம் வந்து சேர்ந்தோம். மகள் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். தலையிலிருந்து வால் வரை நடந்து அடிகளை எண்ணினாள். திரும்பி வந்து துடுப்பின் அருகே நின்றாள். அவள் வாயைத் திறக்கும் முன்னரே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு ஏன் விரல் இருக்கு?"

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னர் மூத்தவன் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, தங்கையின் தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில் சொன்னான்: "வாப்பாக்கிட்டக் கேக்காத தங்கச்சி, ஏசுவார்."

அன்புச் சகோதரர்களே! அவன் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. மழை வரும், குடையை எடு என்று சொல்வது போல, தங்கையைக் காப்பாற்றும் எண்ணத்தோடு மட்டுமே சொன்னான். அந்த ஐந்து ஆண்டுகளும் அவன் அமைதியானவனாக இருக்கவில்லை, அஞ்சியவனாக இருந்திருக்கின்றான். கேள்விகள் அவனுக்கு வராமல் இருக்கவில்லை. அவற்றை வேறெங்கோ கொண்டு சென்றிருக்கின்றான். எங்கே கொண்டு சென்றான், யார் விடை சொன்னார்கள், அந்த விடைகள் எத்தகையவை என்பவற்றில் ஒன்றையேனும் நான் அறிந்திருக்கவில்லை.

பக்கத்தில் இருந்த வாங்கில் அமர்ந்தேன். இருவரையும் அருகில் அழைத்தேன். மூத்தவனைப் பார்த்துச் சொன்னேன்: "மகன், அன்றைக்கு நீ இதே கேள்வியைக் கேட்டாய். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கத்தான் உன்னை ஏசினேன். பிழை என்னுடையது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று பேரும் சேர்ந்து தேடுவோமா?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கழற்றியதை மீண்டும் காதில் மாட்டவில்லை.

அங்கு பணியில் இருந்த உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டோம். அவர் பொறுமையோடு விளக்கினார். திமிங்கிலம் மீன் அல்ல. அது எம்மைப் போல் நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பது. குட்டி ஈன்று பாலூட்டுவது. மீனின் வால் இடமும் வலமுமாக அசையும். திமிங்கிலத்தின் வாலோ மேலும் கீழுமாக அசையும். வௌவாலின் இறக்கையிலும், பூனையின் முன்னங்காலிலும், எமது கையிலும், இத்துடுப்பிலும் ஒரே ஒழுங்கில் எலும்புகள் அமைந்திருக்கின்றன என்று காட்டினார். மகள் தன் கையை விரித்து, திமிங்கிலத்தின் துடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

அந்த விலா எலும்புகளைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ள அந்நிகழ்வைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு ஸஹாபாக்கள் கடற்கரைப் பக்கமாகச் சென்றார்கள். உணவு தீர்ந்து, இலைகளை உதிர்த்து உண்ணும் நிலை ஏற்பட்டது. அவ்வேளையில் கடல் 'அன்பர்' எனப்படும் மாபெரும் உயிரினம் ஒன்றைக் கரையில் ஒதுக்கியது. அதனை உண்டு அவர்கள் உயிர்தப்பினார்கள். அதன் விலா எலும்புகளை நிறுத்தி வைத்து, அவற்றின் கீழே ஒட்டகத்தைச் செலுத்தியபோது அது முட்டாமல் கடந்து சென்றது. "இந்த எலும்பின் கீழேயும் ஒட்டகம் போகுமா, வாப்பா?" என்று கேட்டது யார் தெரியுமா? மகள் அல்ல, மூத்தவன். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவன் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அது.

பெற்றோர்களே! இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் பேச வேண்டும். திமிங்கிலத்தின் விரலைப் பற்றிய கேள்வி அத்தோடு முடிவதில்லை. ஏன் ஒரே ஒழுங்கு என்று பிள்ளை அடுத்துக் கேட்கும். விஞ்ஞானிகள் கூறும் விடை என்ன? ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தரையில் நான்கு கால்களால் நடந்த பாலூட்டிகளிலிருந்தே திமிங்கிலங்கள் தோன்றின என்கின்றார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளுள் முக்கியமானவை முஸ்லிம் நாடுகளிலேயே கிடைத்துள்ளன. பாகிஸ்தானில் எடுக்கப்பட்ட விலங்கொன்றுக்கு அந்நாட்டின் பெயரால் பாக்கிசீட்டஸ் என்று பெயர். எகிப்தின் பாலைவனத்தில் 'வாதி அல் ஹீத்தான்', அதாவது திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. அங்கு மணலின் நடுவே கிடக்கும் பழைய திமிங்கில எலும்புகளில் மிகச் சிறிய பின்னங்கால்களும் காணப்பட்டன. இன்று அப்பாலைவனத்தில் ஆய்வு செய்பவர்களில் மன்சூரா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிஷாம் ஸல்லாமும் அவரது மாணவர்களும் முன்னணியில் நிற்கின்றார்கள். 2023இல் 4 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, இரண்டரை மீற்றர் அளவே நீளமுள்ள சிறிய திமிங்கிலம் ஒன்றை அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள்.

உயிரினங்களின் தோற்றம் பற்றிய விஞ்ஞான விளக்கத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதில் முஸ்லிம் அறிஞர்களிடையே பல நிலைப்பாடுகள் உள்ளன. அவ்விவாதத்தை இச்சிற்றுரையில் தீர்த்துவைக்க நான் முற்படவில்லை. நான் வேண்டுவது ஒன்றுதான். எலும்பைக் கண்டு அஞ்சாதீர்கள். பிள்ளையின் கேள்வியைக் கண்டும் அஞ்சாதீர்கள். "விஞ்ஞானிகள் இவ்வாறு சொல்கின்றார்கள், இன்ன சான்றை வைத்துச் சொல்கின்றார்கள், நாம் படைப்பாளனை நம்புகின்றவர்கள், இதனைக் கற்றறிந்த ஆலிமிடமும் உயிரியல் ஆசிரியரிடமும் சேர்ந்து கேட்டறிவோம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். கேள்வியை அடக்குவதனால் ஈமான் பாதுகாக்கப்படுவதில்லை. அடக்கப்பட்ட கேள்வி, நாம் காணாத இடத்துக்குப் போய் நாம் அறியாத விடையைத் தேடிக்கொள்கின்றது.

எமது முன்னோர் கேள்விகளுக்கு அஞ்சியவர்கள் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், விலங்குகளைப் பற்றி ஏழு பாகங்கள் கொண்ட நூலை எழுதினார். 973இல் பிறந்த அல்பிரூனி, அறேபியப் பாலைவனத்தில் கிணறு தோண்டும்போது கடற்சிப்பிகள் கிடைப்பதைக் கவனித்து, அந்நிலம் முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தார். மணலில் கிடந்த சிப்பியை, அது ஏன் இங்கே கிடக்கின்றது என்று கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவைத்தான் நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டும்.

நூதனசாலை எமக்கு இன்னொரு பொறுப்பையும் உணர்த்துகின்றது. நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் மனிதர் எவரும் எழுதி வைக்காத காலத்தில் இத்தீவிலிருந்து மறைந்தன. ஆனால் எம் கண்முன்னே மறைந்துகொண்டிருப்பவையும் உண்டு. இலங்கைக்கே உரிய தவளை இனங்களுள் ஏறத்தாழ இருபது அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. அவை வாழ்ந்தன என்பதற்கு நூதனசாலைப் போத்தல்களில் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இடப்பட்ட உடல்களே சாட்சி. அவ்வாறு அழிந்ததாக எண்ணப்பட்ட இரு தவளை இனங்கள், எம்மவர் பாவாத மலை என்று அழைக்கும் சிவனொளிபாத மலைக் காட்டில் பிற்காலத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. பழைய போத்தலில் இருந்த உடலும் பழைய ஏட்டில் இருந்த விவரிப்பும் இல்லாவிடின், கண்டவருக்கு அது எதுவென்று தெரிந்திருக்காது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எமது நாட்டில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அதன்பின் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் மாண்டு வருகின்றன. யானைகளால் மனிதரும் உயிரிழக்கின்றனர். இளைஞர்களே! எமது பேரப்பிள்ளைகள் யானையை எலும்புக்கூடாக மட்டும் காண நேரிடுமாயின், அந்த அமானிதத்தைப் பற்றி நாம் என்ன பதில் கூறுவோம்?

இனி, செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். புறப்படுவதற்கு முன்னர் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவு, ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமென ஓடாதீர்கள். ஐந்து பொருட்களை மனம் நிறையப் பார்த்தால் போதும். வேகத்தை வீட்டின் மிகச் சிறிய பிள்ளையோ மிக மூத்தவரோ தீர்மானிக்கட்டும். படம் பிடிப்பதைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஒரு பென்சிலையும் அப்பியாசக் கொப்பியையும் கொடுங்கள். வரைந்த பிள்ளை மறப்பதில்லை. மகனுக்கு அளிக்கும் விளக்கத்தை மகளுக்கும் அளியுங்கள். ளுஹர் தொழுகைக்கான இடத்தையும் நேரத்தையும் முன்னரே திட்டமிடுங்கள். நாங்கள் வீட்டிலிருந்து கட்டிச் சென்ற சோற்றுப் பார்சலை விகாரமகாதேவி பூங்காவின் மர நிழலில் உண்டோம். உண்ட இடத்தில் ஒரு கடதாசியையும் விட்டு வராதீர்கள். படைப்பின் அழகைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதனை அசுத்தப்படுத்துவது பொருந்தாது.

கொழும்புக்கு வருவதற்கு வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இரத்தினபுரியிலும் ஒரு தேசிய நூதனசாலை இருக்கின்றது. மலைநாட்டவருக்குப் பேராதனைப் பூங்கா இருக்கின்றது. கிழக்கில் உள்ளவர்களுக்கு வாவியும் கடலும் இருக்கின்றன. உங்கள் வளவில் உள்ள எறும்புப் புற்றருகே பிள்ளையோடு அரைமணி நேரம் குந்தியிருந்தாலும் போதுமானது. இடத்தை விட முக்கியமானது, பக்கத்தில் நீங்கள் இருப்பதும் பிள்ளை கேட்பதும்தான்.

பிள்ளைகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாப்பாவும் உம்மாவும் சில வேளைகளில் ஏசுவது, உங்கள் கேள்வி பிழையென்பதனால் அல்ல. களைப்பினாலோ, தெரியாமையினாலோ, பிறர் முன் வெட்கத்தினாலோ ஏசியிருக்கக் கூடும். ஒருமுறை ஏசினார்கள் என்பதற்காகக் கதவை நிரந்தரமாக மூடிவிடாதீர்கள். மரியாதையோடு, நேரம் பார்த்து, மறுபடியும் கேளுங்கள். நாங்கள் வயதில் மூத்தவர்கள். ஆயினும் நாங்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களே.

அன்று மாலைப் புகையிரதத்தில் திரும்பும்போது மகள் உம்மும்மாவின் மடியில் உறங்கிவிட்டாள். மூத்தவன் என் பக்கத்தில் அமர்ந்திருந்தான். அதிகம் பேசவில்லை. ஐந்து ஆண்டுகளின் மௌனம் ஒரு பகலில் கலைந்துவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரத்தின் பின், ஸுப்ஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மேசையில் அவனுடைய அப்பியாசக் கொப்பி விரித்து வைக்கப்பட்டிருந்தது. மனிதக் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகிய மூன்றையும் பக்கம் பக்கமாக வரைந்து எலும்புகளுக்குப் பெயர் எழுதியிருந்தான். அதன் கீழே ஏழு கேள்விகள் இருந்தன. இரண்டுக்கு மட்டுமே என்னால் விடை எழுத முடிந்தது. மற்றவற்றுக்கு நேரே 'தெரியாது, தேடுவோம்' என்று எழுதி, கொப்பியை அதே இடத்தில் வைத்தேன்.

வல்ல நாயன் எம் பிள்ளைகளின் உள்ளங்களை எமக்குத் திறந்து தருவானாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பணிவை எமக்கும், பயனுள்ள அறிவைத் தேடும் ஆர்வத்தை எம் சந்ததியினருக்கும் அருள்வானாக. அவன் எம்மிடம் ஒப்படைத்த இப்பூமியையும் அதன் உயிரினங்களையும் பேணும் பொறுப்புணர்வைத் தருவானாக. ஆமீன்.